மாட்டு உப்பு

முதலில் சூப்பைக் குடியுங்கள் தம்பி. பூண்டு சூப் ஆறினால் ரொட்டி ஊறிக் கூழாகிவிடும், அப்புறம் அதை நாய்தான் தின்னும். காலையிலிருந்து என் நிலத்தைச் சுற்றி வந்திருக்கிறீர்கள். மண்ணைக் கிள்ளிப் பையில் போட்டீர்கள், ஒவ்வொரு பீப்பாயாக முகர்ந்தீர்கள். உங்களுக்கு முன்னால் இயற்கை விவசாயச் சான்றிதழ்ச் சோதனைக்கு வந்துகொண்டிருந்தவர் இவ்வளவு மெனக்கெட மாட்டார். வந்ததும் ஒரு டம்ளர், போகும்போது ஒரு டம்ளர், நடுவில் ஒரு கையெழுத்து. நீங்கள் பின்கட்டுக் கொட்டகை வரைக்கும் போயிருக்கிறீர்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

கொட்டகையில் நாலைந்து உப்புக்கட்டிகளைப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் மாடே இல்லையே, மாடு நக்குகிற சிவப்பு உப்பு இங்கே எதற்கு என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம். நான் பொய் சொல்கிறவள் இல்லை, கேட்டால் சொல்லிவிடுவேன். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்கவில்லை.

ஊருக்கு நான் லெயோ, பத்திரிகையில் என்னை ஒயின் செய்கிறவள் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. பழத்தோலில் ஒட்டிக்கொண்டு வருகிற நொதியே சாற்றைப் பொங்க வைக்கிறது. நான் கந்தகம் போடுவதில்லை, கடையில் வாங்கிய ஈஸ்ட் போடுவதில்லை, இனிப்பு குறைந்தால் சர்க்கரையும் போடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். டுவேரோ ஆற்றுக்கு இந்தப் பக்கம் எல்லாரும் களைக்கொல்லி அடித்தபோதுகூட நான் அடித்ததில்லை. இந்த நிலத்தில் விஷம் விழுந்ததில்லை. அதை உங்கள் பையில் இருக்கிற மண்ணே சொல்லும்.

பாறைச் சரிவுக்குக் கீழே இருக்கிற நீளத் துண்டைப் பார்த்தீர்கள் அல்லவா, இடுப்பளவு உயரத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கிற கிழட்டுத் திராட்சைக் கொடிகள். என் தாத்தாவின் அப்பா நட்டது. என் பெயரை வெளிநாட்டில் நாலு பேருக்குத் தெரியவைத்த ஒயின் அந்த ஒரு துண்டிலிருந்து வருகிறது. மற்ற துண்டுகளெல்லாம் சும்மா, ஊரில் யாரிடமும் இருப்பதுதான். இந்த நீளத் துண்டு ஏன் நீளமாக, ஒரே அகலத்தில், ஆற்றிலிருந்து மேடு வரைக்கும் போகிறது என்று நீங்கள் யோசிக்கவில்லை. அது மந்தைப் பாதை. ராஜாக்கள் காலத்திலிருந்து ஆடுகள் நடந்த பாதை. ஆடு குறைந்த காலத்தில் என் முன்னோர் அதில் கொடி நட்டுவிட்டார்கள். ஊருக்கே தெரியும், யாரும் பேசுவதில்லை.

ஊரில் கடைசியாக மிஞ்சியது ஒரே ஒரு மந்தை. ஒனோரினோவுடையது. அவனை நீங்கள் காலையில் பார்த்தீர்கள், முதுகில் மருந்துத் தொட்டியோடு கொடிகளுக்கு நடுவே போனானே, அவன்தான். நானும் அவனும் ஒரே வருஷம் பிறந்தவர்கள், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். கார்த்திகைக் குளிர் தொடங்கும்போது மேட்டிலிருந்து ஆடுகளை இறக்குவான், வெயில் ஏறும்போது மேட்டுக்கு ஏற்றுவான். என் கொடிகளுக்கு இரண்டு பக்கமும் மந்தையை ஓட்டிக்கொண்டு போவான். ஒரு இலையைக் கடிக்க விடமாட்டான். நல்லவன்தான், அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

பழைய மந்தைப் பாதைகளை அரசாங்கம் அளந்து, எல்லைக் கல் நட்டு மீட்கப்போகிறது என்று ஒரு வருஷம் பேச்சு வந்தது. மதுக்கடையில் எல்லாரும் இருக்கும்போது ஒனோரினோ சிரித்துக்கொண்டே சொன்னான்: “லெயோவோட ஒசத்தியான ஒயின் பூரா என் ஆட்டுப் பாதையிலதான் வெளையுது. பாட்டில்ல என் ஆட்டுப் படத்தையாவது போடச் சொல்லுங்கப்பா.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் அளக்க வருகிறவர்கள் முதலில் கேட்கப்போவது அவனைத்தான். அவனும் உண்மையைத்தான் சொல்வான்.

அவன் வீட்டுக்குப் போய் நயமாகவே கேட்டேன். பாதை ஆற்றோரமாகப் போனது என்று சொல்லிவிடேன், உனக்கு என்ன நஷ்டம் என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். “பாதை ஆட்டோடது லெயோ. என்னோடதா இருந்தா இப்பவே ஒனக்குக் குடுத்துருவேன்.” கொடிகளை விட்டுவிட்டு அளக்கும்படி தானே அவர்களிடம் கெஞ்சுவதாகவும் சொன்னான். கெஞ்சியிருப்பான். கல் நட வருகிறவன் கேட்பானா? நகரத்தில் பாதை அளக்கிற அலுவலகத்துக் குமாஸ்தா ஒருவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து விசாரித்தேன். சட்டப்படி பாதை சாகாது என்றார். ஆனால் ஆடு நடக்காத பாதையை அளக்க எங்களுக்கு ஏது நேரம், ஏது ஆள் என்றும் சொன்னார்.

அந்த வருஷம்தான் லோக்ரோன்யோவில் எங்களைப் போல இயற்கை முறையில் கொடி வளர்க்கிறவர்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. பனிக்காலத்தில் கொடிகளுக்கு நடுவே ஆட்டுக்கிடை போடுங்கள், புல்லும் குறையும், எருவும் கிடைக்கும் என்று ஒரு பிரெஞ்சுக்காரி பேசினாள், கால்நடை வைத்தியம் படித்தவள். கடைசியில், ஒரு எச்சரிக்கை என்றாள். பூஞ்சைக்கு நாமெல்லோரும் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிறோம், அதில் இருப்பது தாமிரம், அதற்கு அனுமதி உண்டு. ஆனால் செம்மறிக்குத் தாமிரத்தைக் கழிக்கத் தெரியாது. ஈரலில் சேர்த்துக்கொண்டே போகும். பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் பயமோ அலைச்சலோ வந்தால் அத்தனையையும் ஒரேயடியாக ரத்தத்தில் கொட்டிவிடும். பக்கத்தில் இருந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் எழுதவில்லை. எனக்கு இதெல்லாம் கேட்டாலே மனசில் தங்கிவிடும்.

ஒனோரினோவைக் கூப்பிட்டேன். பழம் பறித்து முடிந்ததும் உன் மந்தையை என் கொடிகளுக்குள்ளேயே விடு, குளிர்காலம் முழுக்க மேயட்டும் என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. பக்கத்து நிலமெல்லாம் களைக்கொல்லி, ஆட்டை எங்கே விடுவது என்று தவித்துக்கொண்டிருந்தவன். அந்த மதுக்கடைப் பேச்சுக்குப் பிறகு தகராறு வரும் என்று காத்திருந்த ஊர், என்னைப் பெருந்தன்மைக்காரி என்றது. அவன் மனைவி பெனில்தேதான் கொடிக்கட்டைகளில் படிந்திருந்த நீலத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“இது என்ன, மருந்தா?”

“காலங்காலமா அடிக்கிறதுதான் பெனில்தே. மண்ணுலேர்ந்து வந்தது.” விரலால் நீலத்தைத் துடைத்து நாக்கில் வைத்துக் காட்டினேன். கசந்தது. ஒனோரினோ விழுந்து விழுந்து சிரித்தான்.

“பாரு, மகாராணியே நக்கிட்டா. இனிமே ஒனக்கு என்ன பயம்?”

அவள் சிரிக்கவில்லை. சில பெண்களுக்கு எதிலும் சந்தேகம்.

இலை உதிரும் நேரத்தில் ஒருமுறை துத்தம் அடித்தேன். பறித்த காயங்கள் ஆற அடிப்பது எல்லாரும் செய்வதுதான், கீழே இருக்கிற புல்லிலும் கொஞ்சம் விழும். நீங்கள் அனுமதிக்கிற அளவை ஒரு கிராம்கூட நான் தாண்டியதில்லை, போன வருஷங்களின் கணக்கு உங்களிடமே இருக்கிறது. மறுவாரம் ஆடுகள் வந்தன. டென்மார்க்கிலிருந்து ஒயின் வாங்குகிறவர் வந்து கிழட்டுக் கொடிகளுக்கு நடுவே வெள்ளாவி வைத்தமாதிரி நிற்கிற மந்தையைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அந்த மந்தையில் பெனில்தே புட்டிப்பால் கொடுத்து வளர்த்த ஒரு பெட்டை இருந்தது. அதைச் சீமாட்டி என்று கூப்பிடுவார்கள். ஆட்கள் குரல் கேட்டால் மந்தையை விட்டுவிட்டு ஓடிவரும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் ரொட்டித் துண்டோடு போவேன். அது தின்னும்போது கழுத்தை அணைத்துக்கொண்டு கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பேன். இளஞ்சிவப்பாக இருக்கும். ஆட்டின்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று ஒனோரினோ ஊரெல்லாம் சொன்னான். பிரியம் இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். வாரம் தவறாமல் ஒரு உயிரைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிரியம் வரத்தான் செய்யும்.

முதல் குளிர்காலம் அப்படியே போயிற்று. ஆடுகள் முன்பைவிடப் பளபளப்பாக மேட்டுக்கு ஏறின. அடுத்த குளிர்காலமும் பாதி போனது, சீமாட்டியின் இமை அப்படியே சிவந்திருந்தது. அந்தச் சமயத்தில், அளக்கிற ஆட்கள் பக்கத்து வட்டாரத்தை முடித்துவிட்டார்கள் என்று சேதி வந்தது.

நான் அவசரக்காரி இல்லை. இருந்தாலும் ஒயினில்கூட, பொங்க வேண்டியது பொங்காமல் நின்றுவிட்டால், குளிர்ந்த பீப்பாய்க்குப் பக்கத்தில் ஒரு வாளி வெந்நீர் வைப்போம். அதை யாரும் கலப்படம் என்று சொல்வதில்லை. சலமாங்கா வரைக்கும் போய் மாட்டு உப்பு வாங்கினேன். மாட்டுக்குத் தாமிரம் வேண்டும் என்று அதில் சேர்த்திருப்பார்கள். செம்மறிக்குக் கொடுக்கக் கூடாது என்று உறையில் சின்னதாகப் போட்டிருக்கும். உறையைக் கிழித்து இந்த அடுப்பில்தான் போட்டேன். மூன்று ராஜாக்கள் திருநாளன்று குழந்தைகளுக்கு எல்லாரும் பரிசு கொடுக்கும்போது, உன் ஆட்டுப் பிள்ளைகளுக்கு நானும் ஏதாவது கொடுக்க வேண்டாமா என்று சிவப்பு நாடா கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“செவப்பா இருக்கே லெயோ,” என்றான்.

“மலை உப்பு. ஒசத்தி.”

அது பொய்யில்லை. எல்லா உப்பும் ஏதாவது ஒரு மலையிலிருந்தோ கடலிலிருந்தோ வந்ததுதானே. ஆடுகள் முண்டியடித்துக்கொண்டு நக்கின. தீரத் தீர வாங்கிக் கொடுத்தேன். கொடிகள் துளிர்விட்டதும் வழக்கம்போல மந்தை என் நிலத்தைவிட்டு வெளியேறியது. பங்குனி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டிக்கே ரொட்டி கொண்டுபோய் சீமாட்டியின் இமையை இழுத்துப் பார்த்தேன். லேசான மஞ்சள். எலுமிச்சைத் தோலின் உள்பக்கம் இருக்குமே, அந்த மாதிரி. மிச்ச ரொட்டியையும் அதற்கே கொடுத்துவிட்டு வந்தேன்.

வைகாசியில் கம்பளி கத்தரிக்கிற ஆட்கள் வந்தார்கள். உருகுவே நாட்டு ஆட்கள், கை வேகமாகப் போகும். ஆட்டைப் புரட்டி, மல்லாத்தி, ஒரே மூச்சில் உரித்தெடுப்பது போலக் கத்தரித்துவிட்டு விடுவார்கள். ஆட்டுக்கு அதைவிடப் பெரிய பயம் கிடையாது. நானும் போயிருந்தேன், கத்தரிக்கிறவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோவது இங்கே மரியாதை. கம்பளி போன பிறகுதான் தோல் தெரிந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய தோல் மஞ்சளாக இருந்தது. வெயில்பட்டதால் அப்படித் தெரிகிறது என்றான் ஒனோரினோ. கத்தரிக்கிறவர்கள் அடுத்த ஆட்டைப் புரட்டினார்கள்.

மறுநாள் காலை பட்டியின் சிமெண்டுத் தரையில் ஆடுகள் மூத்திரம் பெய்திருந்தன. நான் பார்த்ததை அப்படியே சொல்கிறேன். என் நீளத் துண்டு ஒயினை ஒரு வெள்ளைக் கோப்பையில் ஊற்றிச் சாய்த்தால் ஓரத்தில் ஒரு கருஞ்சிவப்பு நிறம் தெரியுமே, அதே நிறம். முதலில் கிழட்டு ஆடுகள் விழுந்தன, பிறகு பால் கொடுத்துக்கொண்டிருந்தவை. குட்டிகள் செத்த மடியை முட்டிக்கொண்டிருந்தன. கால்நடை மருத்துவர் சின்ன வயசுக்காரர், உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்து ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட்டார். பிடித்ததும் பயந்தன, பயந்ததும் விழுந்தன. நல்ல எண்ணத்தில் அவர் செய்தது இன்னும் சீக்கிரமாக முடித்துவிட்டது. நாற்றம் எடுப்பதற்குள் பிணங்களைத் தூக்கிப்போகிற வண்டிக்கு நானே போன் செய்தேன். அந்த நேரத்தில் அவனால் எதையும் யோசிக்க முடியவில்லை, யாராவது பொறுப்பாக இருக்க வேண்டும் இல்லையா. மருத்துவர் சோதனைக்கு ஈரலை எடுக்க வேண்டும் என்று திரும்பி வந்தபோது வண்டி போயிருந்தது.

சீமாட்டி கடைசிவரைக்கும் நின்றது. மயிர் இல்லாத மஞ்சள் உடம்போடு, என் குரலைக் கேட்டு இரண்டடி எடுத்து வைத்து, பெனில்தேயின் மடியில் விழுந்தது. அவள் அதன் தலையைப் பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீ ஏன் லெயோ பார்த்துக்கிட்டே நிக்கிற? வந்ததுலேர்ந்து நீ ஒண்ணையும் தொடல. ஏதோ பானை கொதிக்கிறத பாக்குற மாதிரி நிக்கிறியே.”

ஒனோரினோ அவளை அதட்டினான், எனக்காக. ஆனால் அவள் விடுகிறவள் இல்லை, யோசிக்கிறவள். அதனால் இரண்டு நாள் கழித்து அவனைத் தனியாகப் பார்த்தபோது, கம்பளி கத்தரிப்பதற்கு முன்னால் ஆடுகளுக்குக் குடற்பூச்சி மருந்து கொடுத்தீர்களே, யார் கலந்தது என்று கேட்டேன். பெனில்தேதான் எப்போதும் கலப்பாள், அது எனக்கும் தெரியும். “அளவு சரியாத்தான் ஊத்தினாளா?” அவ்வளவுதான் கேட்டேன். குற்றம் சொல்லவில்லை. கேட்பதில் தப்பில்லை, நீங்களும் இன்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்கள்.

அந்தக் கேள்வி அவனுக்குள் போய்த் தானாகவே பொங்கியது. நான் மறுபடி கிளறவில்லை. ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் அவன் கேட்டுவிட்டான். அவள் இல்லை என்றாள். மறுபடி கேட்டான். மூன்றாவது மாதம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. காலி மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். இப்போது பில்பாவோவில் மகள் வீட்டில் இருக்கிறாள். அவளாகவே எனக்கு ஒருமுறை போன் செய்தாள். “என் கையாலயே கொன்னுட்டேன் லெயோ. ஒன்னப் போய்த் தப்பா நெனச்சனே, மன்னிச்சுக்க,” என்று அழுதாள். மன்னித்துவிட்டேன். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு பாட்டில் அனுப்புகிறேன்.

ஒனோரினோவுக்கு நான் வேலை கொடுத்தேன். ஆடு இல்லாத ஆட்டுக்காரனை வேறு யார் வைத்துக்கொள்வார்கள்? கொடி வெட்டுகிறான், துத்தம் கலந்து அடிக்கிறான், முழங்கைவரை நீலம் ஏறிப்போயிருக்கிறது. வாசலில் படுத்திருக்கிற பெரிய நாய் அவன் மந்தையைக் காத்தது. காக்க ஒன்றுமில்லாமல் என் பீப்பாய்களைக் காக்கிறது. நீளத் துண்டு பாட்டிலில் இப்போது ஒரு ஆட்டுப் படம் இருக்கிறதே, அது சீமாட்டி. டென்மார்க்காரர் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தது. அவன் கேட்டதைத்தான் போட்டேன். முதல் பாட்டிலைக் கையில் கொடுத்தபோது அவன் அந்தப் படத்தை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தான். அளக்க யாரும் வரவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒனோரினோ போன மாதம் கூச்சப்பட்டுக்கொண்டே என் முன்னால் வந்து நின்றான். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இளம் பெட்டைகள் வாங்கியிருக்கிறான், கைவிரல்களில் எண்ணிவிடலாம். பழைய பாதையில் மறுபடி ஆடு நடக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. மந்தை திரும்பிவிட்டால் பெனில்தேயும் திரும்பிவிடுவாள் என்று நம்புகிறான். குளிர்காலத்துக்கு எங்கே விடுவது லெயோ என்று கேட்டான். வேறு எங்கே, என் நிலத்தில்தான், இங்கேதானே விஷம் கிடையாது என்றேன். அவன் என் கையைப் பிடித்து முத்தமிட்டான். அடுத்த நாளே நான் சலமாங்காவுக்குப் போய்வந்தேன்.

உங்கள் முகம் வெளுத்துவிட்டது. இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். நீங்கள் கேட்டீர்கள், அதனால்தான். அதோடு, கொடிக்கு என்ன போட்டேன் என்று சோதிக்கத்தான் உங்களை அனுப்பியிருக்கிறார்கள். ஆட்டுக்கு என்ன போட்டேன் என்பது உங்கள் வேலையில் வராது. இரும்பு கேட் சத்தம் கேட்கிறதா? அவன்தான் வருகிறான். நீங்களே அவனிடம் சொல்லலாம், நான் தடுக்கமாட்டேன்.

“வணக்கம் ஐயா, சாப்பிடுங்க சாப்பிடுங்க. எங்க லெயோ கையால வச்ச பூண்டு சூப்பு, செத்தவனும் எந்திரிச்சுருவான். லெயோ, தொட்டிய கழுவி வச்சுட்டேன். குட்டிங்களுக்குக் கொஞ்சம் உப்பு எடுத்துட்டுப் போகவா? நேத்து சுவத்த நக்குச்சுங்க.”

“கொட்டகையில இருக்கு. ரெண்டு எடுத்துக்க.”

“அந்த நல்ல உப்பா? மலை உப்பு?”

“அதான்.”

“ஒன்ன மாதிரி ஒரு ஆள் எனக்கு இல்லாம போயிருந்தா நான் என்னைக்கோ கயித்துல தொங்கியிருப்பேன் ஐயா, சத்தியமா சொல்றேன்.”

போய்விட்டான். முதல் பாதி எனக்குச் சொன்னது, மீதி உங்களுக்கு. அவனுக்குப் பேச்சு எப்போதும் அப்படித்தான் பாதியில் திரும்பும். கொட்டகைக் கதவு திறக்கிற சத்தம் இங்கிருந்தே கேட்கிறது. உப்புக்கட்டிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு இந்த ஜன்னலைக் கடந்துதான் போவான், அவன் பட்டி அதோ அந்த வளைவுக்கு அப்பால் இருக்கிறது. முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடப்பான். ஓடினால் பிடித்துவிடலாம், கதவை நான் தாழிடவில்லை.

நீங்கள் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அவன் இங்கே நின்றபோதும் கரண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை தம்பி. நீங்கள் யாருக்கும் எதுவும் செய்யவில்லை, நடக்கிறதை நடக்க விட்டீர்கள். நானும் அதைத்தான் செய்தேன்.